எஞ்சின் கடைசியில்: வீதிக் கார் பந்தயக் காராகும் வரிசை

கொழும்பில் ஒருவர் தமது காரைப் பந்தயத்துக்குத் தயார்செய்ய முடிவெடுத்தால், முதற் காசு பெரும்பாலும் சைலன்சருக்கும் எயார் ஃபில்டருக்கும் போகிறது. அடுத்த காசு ரிம்முக்கும், அதற்கடுத்தது எஞ்சினுக்கும் போய்விட, பிறேக்கும் இருக்கையும் கையில் ஏதாவது மிஞ்சினால்தான் நினைவுக்கு வருகின்றன. பந்தயத் திடல் ஒரு காரிடம் கேட்பது ஏறக்குறைய இதற்கு நேரெதிரான வரிசையை. அந்த வரிசை ஏன் அப்படி அமைகிறது, வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்த்து வேலை செய்யும் நம்மவருக்குக் கொழும்பின் வெக்கையும் ஈரமும் எங்கே குறுக்கே வருகின்றன என்பவற்றையே இங்கே விளக்க முயல்கிறேன்.

வீதிக் காரை வடிவமைப்பவர், அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் இடையிடையே ஓய்வு கிடைக்கும் என்று நம்பித்தான் வடிவமைக்கிறார். கொழும்பின் காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகிறவர் நாளுக்கு ஒருமுறை திடீர்ப் பிறேக் பிடித்தால் அதிகம். அந்த ஒருமுறைக்குப் பிறகு பிறேக் தட்டுகள் ஆறுவதற்கு வேண்டிய நேரத்தை அடுத்த சிவப்பு விளக்கே கொடுத்துவிடும். திடலில் அந்த ஓய்வு இல்லை. 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 160 கிலோமீற்றரிலிருந்து 60 கிலோமீற்றருக்கு இறங்கும்போது சுமார் 850 கிலோஜூல் இயக்கச் சக்தி வெப்பமாக மாற வேண்டியிருக்கிறது. நம் ஊர்ச் சூட்டில் இருக்கும் கிட்டத்தட்ட 3 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். சில விநாடிகளுக்குள், நான்கு சில்லுகளின் தட்டுகளுக்குள், அதிலும் பெரும்பங்கு முன்னிரண்டுக்குள் அந்த வெப்பம் இறங்குகிறது. அடுத்த வளைவில் மறுபடியும் இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இப்படியே நடக்கிறது. பக்கவாட்டு விசைக்கும் இதே கணக்குத்தான். வீதியில் ஒரு கணம் மட்டும் சாய்ந்து நிமிரும் கார், நீண்ட வளைவில் விநாடிக்கணக்காகச் சாய்ந்தபடியே ஓடும்போது, அதன் ஒயிலும் பெற்றோலும் ரயரின் விளிம்பும் யாரும் எதிர்பார்த்திராத பக்கங்களுக்குத் தள்ளப்படுகின்றன. ஆகவே வீதிக் காரைப் பந்தயக் காராக்குவது என்றால், இடைவிடாத வெப்பத்துக்கும் இடைவிடாத பக்க விசைக்கும் அதைப் பழக்குவதும், அது தவறிப்போகும் கணத்தில் உள்ளே இருப்பவரைக் காப்பதும்தான்.

எந்தப் போட்டிக்காக என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டிலிருந்து வரலாறு கொண்ட மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் கார் தனியே ஓடுகிறது. ஓட்டம் மிகக் குறுகியது. குளிர்ந்த மலைக்காற்றில் எஞ்சின் சூடேறுவதற்குள் முடிந்துவிடுகிறது. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் நடந்தவை போன்ற தட்டையான திடல் பந்தயங்களோ கடற்கரை வெயிலில் பல சுற்றுகள், பல கார்கள், உரசல்கள் என்று வேறொரு உலகம். தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போன்ற மண் திடல்களில் சஸ்பென்ஷனின் கணக்கே முற்றாக மாறிவிடுகிறது. அந்தத் தியத்தலாவையில்தான் 2024 ஏப்ரல் 21 அன்று பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்கள்மீது பாய்ந்து 7 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பின்னும் ஒரு காரின் தகுதியை அதை ஓட்டுகிறவரின் சொந்த விஷயம் என்று பேசுகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் கட்டுரையில் நான் மனத்தில் வைத்திருப்பது தார்த் திடலில் பல சுற்று ஓடும் காரையே.

காரைத் தெரிவுசெய்வதில் நம் நாட்டுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஜப்பானியக் கார்களின் விலை ஏறியபடியே இருந்ததால், வெட்டிச் சிதைப்பதற்கென்று மலிவாக ஒன்றை வாங்குவது அரிதாகிவிட்டது. இருந்தும் 1990களின் ஹொண்டா சிவிக், நிஸான் மார்ச் போன்றவற்றை நம்மவர் விரும்புவதற்குக் காரணம் உண்டு. எடை குறைவு, மின்னணுச் சிக்கல் குறைவு, பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் கேட்டால் முகம் சுளிக்காமல் எடுத்துத் தருவார்கள். வாங்கும்போது எஞ்சினைவிடக் காரின் உடற்கூட்டையே அதிகம் பார்க்க வேண்டும். கொழும்பில் ஓடிய காரின் அடித்தளத்தை உப்புக்காற்றும் வெள்ளத் தண்ணீரும் ஏற்கெனவே தொட்டிருக்கும். எஞ்சினை மாற்றிவிடலாம், கதவடிச் சட்டமும் சஸ்பென்ஷன் பொருந்தும் மேடைகளும் துருப்பிடித்து உளுத்திருந்தால் அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது, ஏனென்றால் பின்னர் வெல்டிங் செய்யப்போகும் பாதுகாப்பெல்லாம் அந்தத் தகட்டில்தான் நிற்கப்போகிறது.

அடுத்தது உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றும் வேலை. பின்னிருக்கை, கம்பளம், கதவுத் தட்டிகள், ஏசி எல்லாம் வெளியே வந்தபின், தளத்தில் ஒட்டியிருக்கும் சத்தம் தடுக்கும் தார்ப்படை மிஞ்சும். உலர்பனிக்கட்டி கிடைத்தால் வேலை சுலபம்: மைனஸ் 78 பாகைக் குளிரில் அந்தப் படை கண்ணாடிபோல விறைத்து, சுத்தியலால் தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். கதவுகளைத் திறந்துவைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் உலர்பனி ஆவியாகி வெளிவிடும் கரியமிலவாயு மூடிய காருக்குள் மூச்சை அடைத்துவிடும். அது கிடைக்காதவர்கள் சூட்டுத் துப்பாக்கியும் உளியுமாக நாட்கணக்கில் சுரண்டுகிறார்கள். அவ்வளவு பாடுபட்டும் மிச்சமாவது சில கிலோ மட்டுமே. ஆனால் தார் போன பிறகுதான் தளத்தின் உண்மையான நிலை தெரிகிறது. முந்தைய உரிமையாளர் புட்டி பூசி மறைத்த துருவும், நேராக்கிய விபத்தின் சுருக்கங்களும் அப்போதுதான் கண்ணுக்குப் படுகின்றன. அந்த ஒன்றுக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்பேன்.

அதன்பின் பாதுகாப்புக் கூடு, கராஜ்காரர் மொழியில் றோல் கேஜ். இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவாக முடிக்கும் ஆசை கூடுதலாகத் தலைகாட்டும் இடம் இதுதான். சர்வதேச மோட்டார் சம்மேளனமான எஃப்ஐஏயின் விதிகள், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் எழும் பிரதான வளையத்துக்குப் பொருத்தற்ற, குளிரிழுப்பு முறையில் செய்த கார்பன் எஃகுக் குழாயைக் கேட்கின்றன. அதன் இழுவலிமை சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்தது 350 நியூட்டன் இருக்க வேண்டும். அளவு 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 தடிப்புமாகவோ 50 விட்டமும் 2.0 தடிப்புமாகவோ இருக்க வேண்டும். மற்றக் குழாய்களுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2.0 போதும். வளையத்தின் பாதம் தளத்தில் பொருந்துமிடத்தில் குறைந்தது 3 மில்லிமீற்றர் தடிப்பும் 120 சதுர சென்ரிமீற்றர் பரப்பும் கொண்ட எஃகுத் தகடு வேண்டும். இல்லாவிட்டால் கார் உருளும்போது குழாய் வளையாது. வெறும் தகரமான தளத்தைக் குத்திக்கொண்டு கீழே இறங்கிவிடும்.

இங்கே சிலர் தண்ணீருக்குப் போடும் கல்வனைஸ் குழாயில் கூடு செய்து, கறுப்புப் பெயின்ற் அடித்துவிடுகிறார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அந்தக் குழாய் நீளவாக்கில் பொருத்தி ஒட்டப்பட்டது. தாக்கத்தில் அந்தப் பொருத்தில் பிளக்கலாம். மேலே பூசிய துத்தநாகம் வெல்டிங்கின் உறுதியைக் கெடுப்பதோடு, அதன் புகை வெல்டிங் செய்பவரையும் காய்ச்சலில் தள்ளும். நல்ல வேலைக்காரரை அடையாளம் காண, வெல்டிங் செய்வதற்கு முன்பு குழாயின் நுனியைப் பாருங்கள். ஒரு குழாய் இன்னொன்றைச் சந்திக்கும் இடத்தில் அதன் நுனியை மீன்வாய் போலக் குடைந்து, மற்றதன் வளைவோடு வெளிச்சம் தெரியாதபடி பொருத்தியிருப்பார். நுனியைத் தட்டையாக வெட்டி, இடைவெளியை வெல்டிங் கம்பியால் நிரப்பியவரிடம் உங்கள் கழுத்தை ஒப்படைக்க வேண்டாம்.

கூட்டின் எடையையும் கணக்கிட வேண்டும். 45க்கு 2.5 குழாய் மீற்றருக்கு சுமார் 2.6 கிலோ, 38க்கு 2.5 குழாய் சுமார் 2.2 கிலோ, எல்லாமாக 20 மீற்றர் போனால் 45 கிலோவைத் தாண்டிவிடும். இருக்கைகளையும் கம்பளத்தையும் கழற்றி மிச்சப்படுத்தியதில் பெரும்பகுதியை அது திரும்ப ஏற்றிவிடுகிறது. எடை குறைக்கிறோம் என்று சொல்லிக் கூட்டைத் தவிர்ப்பவர்களும் உண்டு. அந்தப் பாதுகாப்புக் கூடு காரின் உடற்கூட்டு முறுக்கத்தையும் குறைத்து, சஸ்பென்ஷன் ஒழுங்காக வேலை செய்ய இடம்கொடுக்கிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

கூடும் இருக்கையும் ஆசனப்பட்டியும் தலைக்கவசமும் ஒன்றையொன்று நம்பியிருக்கும் ஒரே தொகுதி. பாதி மாற்றிய கார்தான் மிக ஆபத்தானது என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுவே. கூடு போட்ட காரைத் தலைக்கவசம் இல்லாமல் வீதியில் ஓட்டினால், சிறு மோதலிலேயே மண்டை எஃகுக் குழாயில் அடிபடும். கூடு இல்லாத காரில் பந்தயப் பட்டி மட்டும் பூட்டினால், கார் கவிழ்ந்து கூரை நசுங்கும்போது சாதாரணப் பட்டி அனுமதிக்கும் சரிவைக்கூட அது அனுமதிக்காமல் உடலை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும். இருக்கை எஃப்ஐஏ 8855-1999 தரத்தில் இருந்தால் அதன் ஆயுள் தயாரித்த நாளிலிருந்து 5 ஆண்டுகள். பழைய சாமான் கடையில் வாங்கும்போது லேபலில் உள்ள ஆண்டைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. தோள் பட்டிகள் பின்னோக்கி இறங்கும் கோணம் கிடைமட்டத்திலிருந்து 45 பாகையைத் தாண்டக் கூடாது; அவற்றைப் பின்னிருக்கைப் பட்டியின் போல்ற்றில் செங்குத்தாக இறக்கிப் பூட்டினால் மோதலின்போது முள்ளந்தண்டுதான் நசுங்கும்.

பட்டி தோளை இறுக்கிப் பிடித்தாலும் தலை சுதந்திரமாகவே இருக்கிறது. சுவரில் மோதும் கணத்தில் தலையும் கவசமும் முன்னால் பறக்க, மண்டையின் அடி எலும்பு முறிகிறது. அமெரிக்க ஓட்டுநர் டேல் ஏர்ன்ஹார்ட் 2001 பெப்ரவரியில் டேட்டோனாவில் இறந்தது அப்படித்தான். ரொபேர்ட் ஹபர்ட் என்ற உயிர்ப்பொறியியல் பேராசிரியர் 1980களின் தொடக்கத்திலேயே கண்டறிந்திருந்த ஹான்ஸ் என்னும் கழுத்துத் தாங்கி அதற்குப் பின்னர்தான் வேகமாகப் பரவியது. ஃபோர்முலா ஒன்றில் 2003இல் கட்டாயமாகியது. பல ஆண்டுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரு பொருளை அணிய மரணங்கள் தேவைப்பட்டன என்பது எனக்கு இன்னும் வேதனை தருகிறது. காற்றுப்பையைக் கழற்றிவிட்டு ஹான்ஸ் இல்லாமல் ஓடுபவர் பாதுகாப்பைக் கூட்டவில்லை, குறைத்துக்கொண்டிருக்கிறார்.

தீக்கும் இதே கவனம் வேண்டும். குறைந்தது 2 கிலோ தீயணைப்பான் உலோகப் பட்டியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். மின்சாரம் முழுவதையும் துண்டிக்கும் சுவிச் வெளியிலிருந்தும் எட்ட வேண்டும். அதன் இடத்தை வெள்ளை விளிம்புள்ள நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் குறி காட்ட வேண்டும்.

இனி பிறேக். கடந்த வருடம் தெமட்டகொடைப் பக்கம் ஒரு கராஜில், முதல் திடல் நாளில் பிறேக் பெடல் தரைவரை போய்விட்டது என்று திரும்பிவந்த கார் ஒன்றைப் பார்த்தேன். முன் தட்டுகள் புதியவை, அவற்றை இறுக்கிப் பிடிக்கும் பட்டைகள் விலையுயர்ந்தவை. கராஜ் பாஸ் முன் சில்லில் பிறேக் திரவத்தை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து போத்தலில் இறக்கியபோது வந்த திரவம் பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. புதியது இளந்தேன் நிறத்தில் இருக்கும். பிறேக் திரவம் காற்றிலிருந்து நீரை உறிஞ்சும் தன்மையுள்ளது. டொட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை, சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் 155ஆக இறங்கிவிடலாம். டொட் 5.1க்கு இதே எண்கள் 260, 180. திரவம் கொதித்தால் குழாய்க்குள் ஆவி உருவாகும், ஆவி அமுங்கும், பெடல் பஞ்சுபோல இறங்கும், கார் நிற்காது. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல் நிற்கும் கொழும்பில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்ற குளிர்நாட்டு வழக்கம் செல்லாது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னர் புதிதாக்க வேண்டும். திறந்து பாதி மிஞ்சிய ரின்னை அடுத்த தடவைக்கு வைத்திருக்கக் கூடாது. அந்தக் கார் உரிமையாளர் ரிம்முக்குச் செலவழித்த காசில் ஒரு சிறு துண்டு போதுமாக இருந்தது.

பட்டைகள் சூடேறித் தோற்றுப்போவது வேறு நோய். அப்போது பெடல் கட்டையாகவே இருக்கும். எவ்வளவு மிதித்தாலும் வேகம் குறையாது. பெடல் மென்மையாகினால் திரவம், கட்டையாகியும் நிற்காவிட்டால் பட்டை என்ற வேறுபாட்டைக் கால் அறிந்திருக்க வேண்டும். பந்தயப் பட்டைகள் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது என்பதால் அவற்றைப் பூட்டிய காரில் காலையில் வேலைக்குப் போகவும் முடியாது.

வெப்பத்தின் இன்னொரு முகம் எஞ்சினைக் குளிர்விப்பது. றேடியேற்றர் வெளியேற்றும் வெப்பம் அதன் நீருக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பொறுத்தது. நீர் 95 பாகையில் இருக்க, இங்கிலாந்தின் 15 பாகைக் காற்றில் அந்த வேறுபாடு 80. நம் 32 பாகைக் காற்றில் 63. அதே றேடியேற்றர் இங்கே ஐந்திலொரு பங்கு குறைவாகவே வேலை செய்கிறது. அதற்கு மருந்தாக, றேடியேற்றருக்குப் போகும் நீரைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தேமோஸ்ராற்றைக் கழற்றி எறிவது நம் கராஜ்களின் பழைய பழக்கம். சில எஞ்சின்களில் அதைக் கழற்றியதும் சுற்றுவழி திறந்தபடியே நின்று, நீரின் ஒரு பகுதி றேடியேற்றரைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. பெரிய றேடியேற்றரும், காற்று அதன் ஓரத்தால் தப்பிப்போகாமல் அடைக்கும் தகடுமே சரியான வழி.

ஒயிலுக்கு வரும் துன்பம் கண்ணுக்குத் தெரியாதது. நீண்ட வளைவில் ஒயில், எஞ்சினின் அடியிலுள்ள கிண்ணத்தின் ஒரு பக்கமாக ஏறி நிற்க, உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது. ஓரிரு விநாடி அழுத்தம் விழுந்தாலே தண்டின் பெயாரிங்குகள் உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கும். டாஷ்போர்ட்டில் உள்ள சிவப்பு விளக்கு எரியும்போது அழுத்தம் ஏற்கெனவே இல்லையென்ற அளவுக்கு வந்திருக்கும். அது எச்சரிக்கையல்ல, நடந்ததன் அறிவிப்பு. ஆகவே கிண்ணத்துக்குள் தடுப்புத் தகடுகளை வெல்டிங் செய்வதும், உண்மையான அழுத்தமானி ஒன்றைப் பொருத்துவதும், ஒயில் குளிர்விப்பான் ஒன்றைச் சேர்ப்பதும் எஞ்சினின் சக்தியைக் கூட்டுவதற்கு முன்பு செய்ய வேண்டியவை.

ரயர்தான் காரின் வேகத்தை உண்மையில் தீர்மானிக்கிறது. காலையில் 30 பாகையில் 24 பிஎஸ்ஐ காற்றடித்தால், ரயரின் உள்காற்று 80 பாகைக்கு ஏறும்போது அது 30ஐத் தாண்டிவிடும்; எனவே அளக்க வேண்டியது சூடான நிலையின் அழுத்தத்தையே. வீதிக் காரின் சில்லு ஏறக்குறைய நேராக நிற்கும். திடலில் கார் சாயும்போது வெளிவிளிம்பு மட்டும் தேயாமல் இருக்க, சில்லின் மேற்பகுதி 2.5 முதல் 3.5 பாகை வரை உள்நோக்கிச் சரிந்திருக்க வேண்டியிருக்கிறது. ஸ்பிறிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவது இதற்கு வழியல்ல: தாழ்ந்த காரின் அதிர்வுதாங்கி தன் ஓட்டத்தின் முடிவில் முட்டிக்கொள்ள, வளைவின் நடுவில் ரயர் திடீரெனப் பிடியிழக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடிமழை கொட்டும் நாட்டில், பள்ளமே இல்லாத வழுவழு ரயரை மட்டும் கொண்டுபோவதும் விவேகமல்ல.

எஞ்சினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆரோக்கியமான பழைய எஞ்சின், புதிய பெல்ற், சுத்தமான ஒயில், 95 ஒக்டேன் பெற்றோல் ஆகியவற்றுடன் ஒரு பருவம் முழுவதும் ஓடிப் பழகிய பிறகே சக்தியைக் கூட்டுவதில் அர்த்தமுண்டு. முன்சில்லால் இழுக்கும் காரில் அந்தக் காசுக்கு, இரு சில்லுகளுக்கும் சக்தியைப் பகிரும் டிஃபரன்ஷியலில் வழுக்கல் கட்டுப்படுத்தும் வகை ஒன்று வாங்கினால், வளைவின் உள்பக்கச் சில்லு வீணே சுழல்வது குறைந்து, இருக்கும் சக்தியே தரையில் இறங்கும்.

இப்படி மாறிய கார் வீதிக்குரியதல்ல. பதிவில் உள்ள விபரங்களிலிருந்து மாறிய வாகனத்துக்கு நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும், வருடாந்தப் புகைப் பரிசோதனையும், காப்புறுதியும் தனித்தனியே குறுக்கே நிற்கும். சாதாரணக் காப்புறுதிகள் பந்தயத்தில் நேரும் சேதத்தை ஏற்பதில்லை. காரைத் திடலுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும் லொறியின் வாடகையையும் முதல் நாளிலேயே வரவு செலவில் எழுதிவைப்பது நல்லது.

முதல் ஓட்டத்தை ஐந்து சுற்றோடு நிறுத்தி, கடைசிச் சுற்றில் பிறேக்கைத் தொடாமல் மெதுவாக வந்து நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் கை தானாகக் கைப்பிறேக்குக்குப் போகும், இழுக்கக் கூடாது. கொதிக்கும் தட்டில் பட்டையை அழுத்திவைத்தால் அந்த இடத்தில் பட்டையின் படிவு ஒட்டிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு மிதிக்கும் கார் நடுங்கும். சில்லுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு, ரயர்கள் ஆறுவதற்குள் நான்கின் அழுத்தத்தையும் அளந்து கொப்பியில் எழுதி, சில்லு நட்டுகளை மறுபடியும் முறுக்குமானியால் பார்த்து, அதன்பிறகு தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடிக்கலாம்.